புரொபோசலில் பவித்ரா இருந்த பக்கம்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். குரலில் கொஞ்சம் தயக்கம்.

"மேடம், இப்ப புரொபோசலைக் கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துடுது. இங்கிலீஷ் நல்லாவே வருது. ஆனா இந்தத் திட்டத்துல இன்னா இன்னா ரிஸ்க் இருக்குன்னு ஒரு பகுதி கேக்கறாங்க இல்லையா, அதுக்கு மட்டும் எப்பவும் ஒரே பதில்தான் வருது. மழை வரலாம், ஆளுங்க வேலைய விட்டுப் போகலாம்னு. நீங்க இருந்தப்ப அதுல இன்னா எழுதுவீங்க?"

போனிலேயே சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. அவளுக்கும் வேலை இருக்கும். "எழுதி அனுப்பறேம்மா" என்று வைத்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் மாலதி. ஓய்வு பெறும்வரை ஆம்பூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் புரொபோசல் எழுதுவதுதான் என் வேலை. நடக்கவும் உட்காரவும் பேசவும் சிரமப்படும் குழந்தைகளுக்காக நாங்கள் பகல்நேர மையங்கள் நடத்தினோம். பணம் தருகிறவர்களிடம், எதற்காகக் கேட்கிறோம், அதை வைத்து என்ன செய்வோம், செய்ததை எப்படிக் காட்டுவோம் என்று எழுதிக் கேட்க வேண்டும். என் மாமியார் கடைசிவரை அதை மனு என்றுதான் சொன்னார். "எங்க மருமவ மனு எழுதற வேலையில இருக்கா" என்று உறவுக்காரர்களிடம் சொல்லும்போது நான் திருத்தியதில்லை. அவர் சொன்னதும் சரிதானே.

கணியம்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, வேலூரில் ஆங்கிலம் படித்து, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். தோல் நிறம் மாறிவிட்டது, கப்பல் தவறிவிட்டது, தயவுசெய்து ஆர்டரை ரத்து செய்யாதீர்கள். இப்படியே சில வருடங்கள் எழுதியதில், கோபமாக இருக்கும் ஒரு மனிதரைக் காகிதத்தில் சமாதானப்படுத்தும் பழக்கம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் தொண்டு நிறுவனத்தின் வேலைக்கு விண்ணப்பித்தேன்.

எங்கள் இயக்குநர் அன்வர் சார். அவர் அதற்கு முன்னால் ஒரு தோல் தொழிற்சாலையில் செலெக்‌ஷன் மேற்பார்வையாளராக இருந்தவர். பதப்படுத்தி முடிந்த தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை. உண்ணிக் கடி, கத்திக் கீறல், பழைய புண் எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். அவருடைய தங்கைக்குப் போலியோ. அந்தத் தங்கைக்காகத் தொடங்கிய ஓர் அறைதான் பிறகு எங்கள் நிறுவனமாக வளர்ந்தது.

புரொபோசலை அவர் கண்ணால் படிக்கமாட்டார். நான் எதிரே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். முதலில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி, பிறகு அதையே தமிழில். அவர் கண்ணை மூடிக்கொள்வார். வலது கை மட்டும் மேசைமேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும், அங்கே ஒரு தோல் விரித்திருப்பதுபோல. எங்கேயாவது பிடிக்கவில்லை என்றால் கை நின்றுவிடும். நானும் நிறுத்திவிடுவேன்.

நான் எழுதிய முதல் புரொபோசலில், 'விளிம்புநிலைக் குழந்தைகளின் முழுமையான மேம்பாட்டை உறுதிசெய்தல்' என்ற வரியில் கை நின்றது.

"இதுல யாரு இருக்காங்க?" என்றார்.

"குழந்தைங்க சார்."

"எந்தக் கொழந்தை? அதுக்கு இன்னா வேணும்?"

எனக்குத் தெரியவில்லை. மையத்துக்கு நான் அப்போது ஒரே ஒரு முறைதான் போயிருந்தேன். மறுநாள் காலையே அவர் என்னைப் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "பாத்துட்டு வாம்மா. பாக்காம எழுதினா உனக்கும் பேஜாரு, படிக்கறவங்களுக்கும் பேஜாரு" என்றார்.

அவர் வைத்திருந்த இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். புரொபோசலில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினால், அனுப்புவதற்கு முன்பு அந்தக் குடும்பத்திடம் போய்த் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் போகும். கடைசித் தேதி நெருங்கும்போது இது பெரிய இம்சை. சனிக்கிழமை மதியம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு யாராவது ஒருவர் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருப்பேன். ஆனாலும் ஒரு முறைகூட அவர் இதை விட்டுக்கொடுத்ததில்லை.

அப்படித்தான் வசந்தாவின் வீட்டுக்குப் போனேன்.

பேரணாம்பட்டு மையத்துக்கு அதுவரை பணம் கொடுத்துவந்த வெளிநாட்டு அமைப்பு, இந்த வருடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. அவர்கள்மேல் குற்றமில்லை, முன்பே சொல்லியிருந்தார்கள். வேறு யாரும் கிடைக்காவிட்டால் மையத்தை மூட வேண்டும். அங்கே வந்த குழந்தைகளின் அம்மாக்கள் பெரும்பாலும் பீடி சுற்றுகிறவர்கள், அப்பாக்கள் தோல் பதனிடும் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள். பக்கத்தில் வேறு மையம் கிடையாது. சென்னையில் ஒரு அறக்கட்டளை எங்களைப் போன்றவர்களிடம் புரொபோசல் கேட்டிருந்தது. அதற்காகப் பவித்ராவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன்.

பவித்ரா, வசந்தாவுக்கும் ஏழுமலைக்கும் ஒரே பெண். மூளைவாதம். கழுத்து நிற்காது, கை கால் விறைத்துக்கொள்ளும். மையத்துக்கு வரும்வரை படுத்தபடியேதான் ஊட்டினார்கள். எங்கள் தெரபிஸ்ட் அவளுக்காக மூன்று பக்கமும் அணைப்பு வைத்த நாற்காலி ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்வித்தார். மார்பில் கட்டிய நைலான் பட்டை உரசிப் புண்ணாகிவிட்டது. ஏழுமலை ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தான். ஷூவுக்கு உள்பக்கம் வைக்கும் மெல்லிய தோலில் மிஞ்சிய துண்டுகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, நடுவே பஞ்சு வைத்துத் தைத்து, பட்டை செய்துகொண்டு வந்தான். அதைக் கட்டிய பிறகு பவித்ரா அழாமல் உட்கார்ந்தாள். வளைத்த கரண்டியைக் கையில் கட்டிவிட்டு மாதக்கணக்கில் பழக்கினார்கள். ஒருநாள் தயிர்ச்சோறு அவள் வாய்க்குள் தானாகப் போனது. பாதி கன்னத்தில், மீதி வாயில்.

இதைத்தான் எழுதிக்கொண்டு போய் வசந்தாவிடம் வாசித்தேன். அவள் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள். பவித்ரா பக்கத்தில் பாயில் கிடந்தாள். வாசித்து முடித்ததும், "எல்லாம் சரிதான் மேடம். ஒண்ணு மட்டும் சேத்துக்கறீங்களா?" என்றாள்.

"இன்னா சொல்லு."

"இவளுக்கு பஸ் ஹாரன்னா உயிரு. குடியாத்தம் வண்டி நம்ம தெரு முக்குல திரும்பும்போது அடிப்பான் பாருங்க, ஒடனே சிரிப்பா. நான் வேலையா இருந்தாகூட அவ சிரிக்கறது கேட்டு வண்டி வந்திருச்சுன்னு தெரிஞ்சிக்குவேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போது வண்டி வரவில்லை. அது வரட்டும் என்று நான் இருந்தேன். வந்தது. அவள் சொன்ன மாதிரியே பவித்ராவின் முகம் முழுக்க விரிந்தது. சத்தமில்லாமல் தொடங்கி, பிறகு ஒரு சின்னக் கேவல் மாதிரி சிரிப்பு. வசந்தா சுற்றுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். "பாத்தீங்களா" என்றாள் என்னிடம்.

ஆம்பூர் திரும்பி அந்த வரியை ஆங்கிலத்தில் எழுதினேன். இதெல்லாம் புரொபோசலில் எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்று எனக்கே சந்தேகம். அன்வர் சாரிடம் வாசித்தேன். கை நிற்கவில்லை.

புரொபோசல் முதல் சுற்றில் தேறியது. அறக்கட்டளையின் திட்ட அதிகாரி நித்யா என்ற பெண், நேரில் பார்க்க வருவதாகச் சொன்னாள். "அந்த ஹாரன் குழந்தையக் கண்டிப்பா பாக்கணும் மேடம்" என்றாள் போனில்.

அவள் வருவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. பவித்ராவுக்கு இருமல், பிறகு காய்ச்சல். வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று மையத்திலிருந்து தகவல் வந்தது. நாங்கள் போய்ப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதே அவள் போய்விட்ட செய்தியும் வந்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டி, தொற்று நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள்.

அன்வர் சாரும் நானும் போனோம். ஏழுமலை வாசலில் நின்றுகொண்டிருந்தான். அன்வர் சார் அவன் தோளில் கை வைத்து, கிளம்பும்வரை அந்தக் கையை எடுக்காமல் நின்றார்.

அடுத்த வாரம் நித்யாவிடம் சொன்னேன்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "கமிட்டிக்கு இறுதிப் பிரதி போகணும். நல்லபடியா முடியற மாதிரி வேற ஒரு குழந்தையோட கதை வெச்சுடுங்களேன். தப்பா நினைக்காதீங்க" என்றாள்.

தப்பாக நினைக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பணம் கொடுக்கிறவர்கள் நம்பிக்கையோடு கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு குழந்தை எழுந்து உட்காருவதைக் காட்டுவது புரொபோசல் எழுதுகிற எல்லாரும் செய்வது. அன்வர் சாரும் மாற்றச் சொல்லிவிட்டார்.

"ஆனா வசந்தாகிட்ட சொல்லிட்டு மாத்து. போடும்போது கேட்டோம் இல்ல? எடுக்கும்போதும் கேக்கணும்."

அந்தப் பயணம்போலக் கஷ்டமான பயணம் எனக்கு வேறு இருந்ததில்லை. ஒரு தாயிடம் போய், உன் பெண்ணைப் பற்றிய பக்கத்தை எடுத்துவிடுகிறோம் என்று எந்த வார்த்தையில் சொல்வது? பஸ்ஸில் பல விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வசந்தா மறுபடி பீடி சுற்ற ஆரம்பித்திருந்தாள். நான் சொன்னதை இலையை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"எடுத்துடுங்க மேடம்" என்றாள் உடனே. "அவளே இல்ல. பேப்பர்ல எதுக்கு?"

எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு, "ஆனா தானா சாப்ட்டாளே மேடம். அது நடந்துச்சுதானே? இப்ப எடுத்துட்டா, அது இல்லேன்னு ஆயிடுமா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு இன்னா ஆச்சு வசந்தா?" என்றேன். அதுவரை நான் கேட்கவில்லை.

அவள் சொன்னாள். இருமல் வந்து சில நாள் ஆகியிருந்தது. சாதாரண சளி என்று கஷாயம் கொடுத்தாள். அன்று மத்தியானம் விலா எலும்பு உள்ளே போய்ப்போய் வந்தது. உதடு ஒரு மாதிரி கறுத்தது. அது ஆபத்து என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னாள். ஏழுமலை ஆம்பூரில் வேலையில் இருந்தான். கொட்டுகிற மழையில் அவ்வளவு தூரம் ஆட்டோ வரவில்லை. குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

"டிரைவர் அண்ணன் பாத்துட்டாரு போல. வழி விடுங்கன்னு ஹாரன் அடிச்சிக்கினே போனாரு. பூரா வழியும் அடிச்சாரு." வசந்தா இலையைக் கீழே வைத்தாள். "இவ சிரிக்கவே இல்ல மேடம். அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். மதியம் முழுக்க அங்கேயே இருந்தேன். கிளம்பும்போது, "பவித்ராவ எடுக்கல வசந்தா. வேற எடத்துல வைக்கறேன். எழுதிக்கினு வந்து படிச்சுக் காட்டறேன்" என்றேன்.

அதற்கு முன்பு ரிஸ்க் என்ற பகுதியை நானும் மழை, ஆள் பற்றாக்குறை என்றுதான் நிரப்பிக்கொண்டிருந்தேன். யாரும் அதை ஊன்றிப் படிக்கமாட்டார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் எங்கள் தெரபிஸ்டோடு உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு விழுங்குவது சிரமம். உணவு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் போகும், அதனால் சளி கட்டும். நிமிர்த்திப் பிடித்து ஊட்ட வேண்டும், சாப்பிட்டதும் படுக்கவைக்கக் கூடாது, முதுகில் எப்படித் தட்டிச் சளியை இளக்குவது, எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இவற்றில் சிலவற்றை மையத்தில் செய்துகொண்டிருந்தோம். வீட்டில் அம்மாக்கள் செய்வதற்கு முறையாகக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அதற்கென்று ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது.

ரிஸ்க் பகுதிக்கு எழுதிய புதிய பக்கம் இப்படித் தொடங்கியது: "பவித்ரா தானாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். பஸ் ஹாரன் கேட்டால் சிரிப்பாள். இந்த மழைக்காலத்தில் நுரையீரல் தொற்றால் இறந்துவிட்டாள். எங்கள் மையத்துக்கு வரும் மற்ற குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. அதைக் குறைக்க எங்களுக்கு மூன்று விஷயங்கள் தேவை." அம்மாக்களுக்குப் பயிற்சி தர ஒரு நர்ஸ், மாதம் ஒருமுறை குழந்தை மருத்துவர், அவசரத்துக்கு ஒரு வண்டி.

அன்வர் சாரிடம் வாசித்தேன். கை முதல் வரியிலேயே நின்றுவிட்டது. நானும் நிறுத்தினேன். "படி, படி" என்றார் கண்ணைத் திறக்காமல். முடித்த பிறகும் திறக்கவில்லை.

"இவ்ளோ நாளா இதச் செய்யலையான்னு கேப்பாங்க."

"கேப்பாங்க சார்."

"செய்யலன்னுதான் சொல்லணும்." கண்ணைத் திறந்தார். "நான் ஒத்துக்கறேன். ஆனா இது நம்ம ரெண்டு பேரு முடிவு பண்றது இல்ல. ஃபண்டு வரலேன்னா மூடப்போறது அவங்க புள்ளைங்களோட மையம். அவங்களக் கேளு."

பெற்றோர் கூட்டம் போட்டோம். நான் பக்கத்தைத் தமிழில் வாசித்தேன். முன்பே வசந்தாவின் வீட்டுக்குப் போய் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன், தலையசைத்தாள், ஆனால் கூட்டத்துக்கு வரவில்லை. மையம் இருந்த தெருவுக்குள் வரவே அவளால் முடியவில்லை. ஏழுமலை மட்டும் வந்து கதவோரம் நின்றான்.

சலீமா என்ற பெண் எழுந்தாள். அவள் மகன் இம்ரானும் பவித்ராவைப் போலத்தான், கழுத்து நிற்காது. கணவர் பெங்களூரில் வேலை செய்கிறார்.

"வசந்தாக்காவ நெனச்சு நான் அழாத நாளு இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. இதப் படிச்சுட்டு, இங்க வந்தும் கொழந்த செத்துப்போச்சேன்னு அவங்க குடுக்கலேன்னா? போன கொழந்தைக்காக இருக்கற கொழந்தைங்க மையம் மூடணுமா? இம்ரானத் தூக்கினு நான் எங்க போவேன்?"

அவள் கேட்டது நியாயம். நான் பதில் யோசித்து வந்திருந்தேன், ஆனால் ஏழுமலை நிற்கும்போது அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவனே பேசினான்.

"அவங்க சொல்றது சரி மேடம். எங்க கொழந்த பேரு வேணாம், எடுத்துடுங்க. ஆனா அந்த மூச்சு விஷயம் இருக்கட்டும். அது தெரிஞ்சிருந்தா நாங்க முன்னாடியே போயிருப்போம்."

சலீமா உட்கார்ந்தாள். இம்ரானின் வாயைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே, "பேரு இருக்கட்டும் அண்ணே" என்றாள். "பேரு சொல்லாம அந்தக் கொழந்தையப் பத்தி எப்படிச் சொல்றது? அப்படியே அனுப்புங்க. வர்றது வரட்டும்."

மற்றவர்களும் சரி என்றார்கள். ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

நித்யா வந்தாள். நான் கற்பனை செய்திருந்ததைவிடச் சின்னப் பெண். மையத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு குழந்தை அவள் துப்பட்டாவைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்ள, அதை விடுவிக்காமலே அந்தப் பக்கத்தைப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

"மேடம், இத எடுத்தாத்தான் பணம் கிடைக்கும்னு சொன்னா எடுப்பீங்களா?"

"எடுத்துடுவேம்மா. இந்தப் புள்ளைங்களுக்காக எடுத்துடுவேன். ஆனா அதுக்கப்புறம் நர்ஸ் எதுக்கு, வண்டி எதுக்குன்னு உங்க கமிட்டி கேக்கும். அப்ப சொல்றதுக்கு என்கிட்ட எதுவும் இருக்காது."

அவள் காகிதங்களைப் பைக்குள் வைத்தாள். "நான் பேசிப் பாக்கறேன்" என்றாள். காரில் ஏறும்போது, "பவித்ரா அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

பிறகு காத்திருந்தோம். பழைய நிதி முடிந்து, மையம் அரைநாள் மட்டும் நடந்தது. தெரபிஸ்ட் பாதிச் சம்பளத்தில் இருந்தார். அன்வர் சார் தெரிந்த தோல் ஷாப்காரர்களிடம் எல்லாம் போய் வந்தார். ஒருநாள் மின்னஞ்சல் வந்தது. நாங்கள் கேட்டதைவிடக் குறைந்த வருடங்களுக்குத்தான் பணம் கொடுத்திருந்தார்கள். வண்டி கிடையாது என்று வெட்டிவிட்டார்கள். நர்ஸும் மருத்துவரும் உண்டு, மையமும் உண்டு. அன்வர் சாரிடம் தமிழில் வாசித்தேன். "வண்டி கம்மி, அவ்ளோதானே?" என்றார். அன்று மாலையே பேரணாம்பட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், டிரைவர்களோடு டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மையத்திலிருந்து யார் கூப்பிட்டாலும், மழையோ வெயிலோ, ஸ்டாண்டில் முதலில் நிற்கிறவர் வேலூர் வரைக்கும் போவது, வாடகையை மையம் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்துவிட்டு வந்தார்.

நர்ஸ் பயிற்சி ஆரம்பித்தபோது நானும் போயிருந்தேன். அம்மாக்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதி வகுப்பில் வசந்தா வந்து கடைசியில் சுவரோரம் உட்கார்ந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு ஏன் இதெல்லாம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன்.

"சும்மா கேட்டுக்கலாம்னு வந்தேன்" என்றாள் என்னிடம்.

முதுகில் தட்டிக் காட்டும் நேரம் வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டார்கள். வசந்தாவின் மடி காலியாக இருந்தது. சலீமா எழுந்துபோய் இம்ரானை அந்த மடியில் வைத்தாள். "நீ பண்ணுக்கா. எனக்கு சரியா வரல" என்றாள். வசந்தா உள்ளங்கையைக் குழித்து, நர்ஸ் சொன்ன மாதிரி, மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எல்லா வகுப்புக்கும் வந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் இம்ரானுக்கு மூச்சு வாங்கியது. விலா உள்ளே போவதைச் சலீமா பார்த்துவிட்டாள். மையத்துக்கு போன் செய்ததும் ஆட்டோ வந்தது. தெருமுனையில் நின்றிருந்த வசந்தா, யாரும் கூப்பிடாமலே ஏறிக்கொண்டாளாம்.

மறுநாள் காலை நான் வேலூருக்குப் போனேன். சலீமா வார்டுக்குள் இருந்தாள். ஜன்னல் வழியாக இம்ரான் தெரிந்தான். மூக்கில் குழாய் இருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. வெளியே பெஞ்சில் வசந்தா உட்கார்ந்திருந்தாள், முழங்கையைப் பிடித்துவிட்டுக்கொண்டு.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்கன்னாரு. மூச்சு வாங்கறது எறங்கிடுச்சாம் மேடம். ரெண்டு மூணு நாள்ல அனுப்பிடுவாங்களாம்."

"நீ சாப்ட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள். வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு டீயும் பன்னும் சொன்னேன். அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"வழி பூரா அவன நிமுத்திப் புடிச்சிக்கினே வந்தேன் அக்கா. கையி மரத்துப்போச்சு. இன்னும் சரியாவல."

அதுவரை அவள் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். அந்தக் கைகளை எடுத்து என் மடியில் வைத்து அமுக்கிவிட்டேன். பீடித்தூள் ஏறிய விரல்கள். பிறகு அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. என் பக்கம் சாய்ந்துகொண்டு, சத்தம் வராமல், நிறைய நேரம் அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"குடிங்கக்கா, ஆறிடும்" என்றாள். "சலீமாவுக்கு ஒண்ணு வாங்கினு போலாம்."